இழுவை வண்டியின் உள்தாழ்ப்பாள்

சனிக்கிழமை வந்தால் ஊரை விட்டு ஓடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் பிழைப்பே அவர்களால்தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம். பழனி அடிவாரத்தில் எனக்குப் பூஜை சாமான் கடை. கடைக்கு மேலே மாடியில் மூன்று அறைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கார்கள் வந்து நிற்க ஆரம்பிக்கும். இறங்குகிறவர்கள் மொட்டை போட்டுக்கொள்வார்கள், பஞ்சாமிர்த டப்பாவைக் குலுக்கிப் பார்த்து வாங்குவார்கள், வெயில் மண்டையைப் பிளக்கிறது என்பார்கள். அப்புறம் மலை ஏறிக் கொடைக்கானலுக்குப் போய், குளிர் தாங்கவில்லை என்பார்கள். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத ஜனங்கள் என்று கல்லாவில் உட்கார்ந்தபடி மனதுக்குள் வைவேன். வாயால் ‘வாங்கம்மா, வாங்க’ என்பேன்.

என் மனைவியின் தம்பி இந்த ஜனங்களில் ஒருவன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. வாரம் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். மீதி இரண்டு நாளும் அந்த அலுப்புத் தீர ஜீப்பில் உட்கார்ந்திருப்பான். போன ஆவணியில் ஒரு நாள் கடைக்கு வந்து, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளைத் தகரப் பெட்டி. அதற்கு இரண்டு சக்கரம், ஒரு ஜன்னல், ஒரு கதவு, முன்னால் ஒரு கொக்கி. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போனால், போகிற இடத்தில் அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழலாமாம். கேம்பர் டிரெய்லர் என்றான். அவனுக்குத் தெரிந்த ஒருத்தர் ஆசைப்பட்டுப் பட்டறையில் சொல்லிச் செய்து, இரண்டே தடவை வெளியே எடுத்துவிட்டு, இப்போது யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறார். அகப்பட்டது என் தலை.

“நீங்க வாங்கிப் போடுங்க மச்சான். வீக்கெண்டானா அக்காவக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிரலாம். ரூம் தேட வேணாம், ஓட்டல் சோறு வேணாம். நானும் அப்பப்ப எடுத்துக்கிறேன்.”

வாங்கிப் போடுவது நான், அப்பப்ப எடுத்துக்கொள்வது அவன். “ஏம்ப்பா, நான் ஊருக்கே ரூம் விடுறவன். எனக்கு ரூம் தேடுற சோலி எங்கருந்து வந்துச்சு?” என்றேன்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் படத்தைப் பார்த்து “சூப்பரா இருக்குப்பா” என்றாள். அந்த வயதில் வீட்டை விட்டு நகர்கிற எதுவும் சூப்பர்தான். என் மனைவி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“உள்ளாற தாப்பாப் போடலாமாடா?”

“போடலாங்க்கா. நல்ல ஸ்டீல் தாப்பா.”

டயர் எப்படி, பிரேக் எப்படி, மலையில் இழுக்குமா என்று எவ்வளவோ கேட்க இருக்கையில் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கிறாளே என்று அன்றைக்குப் பூராவும் அவளைக் கிண்டலடித்தேன். கடைக்கு வந்த இரண்டு பேரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். அவளும் லேசாகச் சிரித்து வைத்தாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா காலத்திலிருந்தே மாடி அறைகள் வாடிக்கைக்காரர்களுக்கு. தைப்பூசம், பங்குனி உத்திரம், மாதாமாதம் கிருத்திகை, பிறகு எல்லாச் சனி ஞாயிறும். அறைகள் நிறைந்தால் கூடத்தைக் கொடுப்போம். கூடம் நிறைந்தால் மொட்டைமாடி. நாங்கள் கடைக்குப் பின்னால் சரக்கறையில், நாட்டுச் சர்க்கரை மூட்டைக்கும் சூடப் பெட்டிக்கும் நடுவே பாயை விரிப்போம். குளியலறைக்குப் போக வழியே அந்தச் சரக்கறைதான். ஈரத்துண்டோடும் மொட்டைத் தலையில் பூசிய சந்தனத்தோடும் ஆட்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். முன்னொரு காலத்தில் வீட்டு ஆள் யாரோ சரக்கறையில் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிவிட, வாடிக்கைக்காரர் ஒருவர் வாளியோடு வெகுநேரம் வெளியே நின்றாராம். அப்பா மறுநாளே அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டார். திருகாணி இருந்த நாலு ஓட்டைகள் இன்னும் கதவில் இருக்கின்றன. நம்பி வந்தவர்களை வாசலில் நிறுத்தாத வீடு என்று இதை நான் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், கொடைக்கானலையும் தாண்டி மேல்மலையில் இருக்கிற மன்னவனூரிலிருந்து கல்யாணமாகி என் மனைவி வந்தது இந்த வீட்டுக்கு.

“ஒரு தடவ எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு அப்பறம் வேணாம்னு சொல்லுங்களேன்” என்றாள் அவள். அதிகம் கேட்கிறவள் இல்லை. அந்தத் தகரப் பெட்டி ஒன்றுக்கும் உதவாது என்று எல்லோர் கண்ணுக்கும் காட்டிவிடலாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். புரட்டாசியில் எங்களுக்கு வியாபாரம் கொஞ்சம் மந்தம், மகளுக்கும் காலாண்டு விடுமுறை. மன்னவனூருக்கே போவது, சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்குவது என்று முடிவானது. அப்பா போன பிறகு முதல் தடவையாக இரண்டு நாள் கடையைச் சாத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். டூர் போகிறோம் என்றேன். அவர் நம்பவில்லை.

மச்சினன் பெட்டியை இரவல் வாங்கி ஜீப்பில் மாட்டிக்கொண்டு வெள்ளனே வந்துவிட்டான். அவன் பெண்டாட்டி இந்தக் கூத்துக்கு வர மாட்டேன் என்று கோயம்புத்தூரிலேயே இருந்துகொண்டாளாம். புத்தியுள்ளவள். வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். நிமிர்ந்தால் தலை இடித்தது. மடக்கி வைத்த கட்டில் ஒன்று, ஒரு சொம்பு மட்டும் கழுவக்கூடிய தொட்டி ஒன்று, கேஸ் அடுப்பு ஒன்று. அடுப்புக்கு இரண்டடி தள்ளி, திரைக்குப் பின்னால், மூடி போட்ட கக்கூஸ் டப்பா. தோசை சுடுகிறவள் திரும்பாமலே எட்டித் தொடலாம். இதற்குத்தான் படித்த ஜனங்கள் இத்தனை அலைகிறார்கள் என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற பாதை, சும்மா போகிற காருக்கே இடுப்பை ஒடிக்கிற பாதை. வளைவுக்கு வளைவு ஜீப் திரும்பிவிடும், பெட்டி திரும்பாது. மச்சினன் பின்னால் எடுப்பான். பெட்டி அவன் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் போகும். இறங்கி நின்று ‘வா, வா, நில்லு’ என்று கத்துவது என் வேலையாகிவிட்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து வந்த பஸ் எங்களுக்காக நெடுநேரம் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

“என்னங்க, அலகு குத்தித் தேர் இழுக்குற நேர்த்திக்கடனா? தேரு கீழ இல்ல இழுக்கணும், மேல எங்க இழுத்துட்டுப் போறீங்க?”

பஸ்ஸே சிரித்தது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். மச்சினனின் காது சிவந்துவிட்டது. பின் சீட்டில் என் மனைவி மட்டும் திரும்பித் திரும்பிப் பெட்டி பத்திரமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

கொடைக்கானலில் அதை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. ஏரியைச் சுற்றி இரண்டு தடவை ஊர்வலம் விட்டோம். கடைசியில் ஒரு மரத்தடியில் ஒதுக்கிவிட்டு, மச்சினன் பெருமையாகப் பக்கவாட்டு ஜன்னலைத் தூக்கி, அடுப்பைப் பற்ற வைத்து டீ போட ஆரம்பித்தான். பால் பொங்குவதற்குள் கம்பளித் தொப்பி போட்ட ஒரு குடும்பம் வந்து வரிசையில் நின்றுவிட்டது.

“பிரெட் ஆம்லெட் இருக்குங்களா?”

என் மகள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். “இல்லைங்க, இது எங்க வீடு” என்று மச்சினன் சொல்ல, தொப்பிக்காரர் எங்கள் நாலு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். இன்னும் மூன்று பேர் வந்து விலைப்பட்டியல் கேட்ட பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம். என் பக்கத்துக்குச் சாட்சிகள் தாமாகவே வந்துகொண்டிருந்தார்கள். முடிவு பண்ண இன்னும் என்ன இருக்கிறது என்று மச்சினனைச் சீண்டினேன். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

மன்னவனூரில் ஒரு தப்புச் செய்தோம். ஏரிப் பக்கமோ ஆட்டுப் பண்ணைப் பக்கமோ போய் நிறுத்தியிருக்கலாம். எங்களுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. சொந்தக்காரர் ஊருக்குப் போனால் சொந்தக்காரர் வாசலில்தான் நிற்கத் தெரியும். பெட்டியைக் கொண்டுபோய் மாமனார் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

மாமனார் பூண்டு விவசாயி. வீட்டுக்குள் உத்தரம் பூராவும் அப்போதுதான் எடுத்த பூண்டு கட்டுக்கட்டாகப் புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சக்கரத்தை மிதித்துப் பார்த்தார்.

“எத்தன மூட்ட புடிக்கும், மாப்ள?”

“மூட்டைக்கு இல்ல மாமா. படுக்குறதுக்கு.”

“யாரு படுக்குறதுக்கு?”

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் முகம் சுருங்கிவிட்டது. “இம்புட்டுப் பெரிய வீடு கெடக்கையில எம் மக வாசல்ல தகரப் பொட்டிக்குள்ள படுக்கணுமாக்கும்? ஊருக்குள்ள என்னன்னு நெனப்பாக?” என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கல்யாணமானதிலிருந்து நானும் அவரும் ஒரே கட்சியில் நின்றது அன்றைக்குத்தான்.

“சும்மா வெளாட்டுக்குத்தாம்ப்பா. சித்த நேரம் படுத்துட்டு வாரேன்” என்றாள் அவள். சாப்பிட்டு, பாத்திரத்தை ஒதுங்க வைத்துவிட்டு, தலையணை ஒன்றை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. “அந்தப்புரம் சாத்தியாச்சு” என்றேன். மகள் சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மாமியார் டீ கொடுத்து அனுப்பினார். கதவைத் தட்டினேன்.

“டீ.”

“பெறகு குடிக்கிறேங்க.”

நான் தம்ளரோடு நின்றேன். என் வீட்டில் அவள் எதற்கும் பிறகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. வாடிக்கைக்காரர் வெந்நீர் கேட்டால், மகள் சோறு கேட்டால், நான் சில்லறை கேட்டால், பாதித் தூக்கத்திலும் எழுந்து வருகிறவள். உடம்புக்கு ஏதாவதா என்று ஜன்னல் திரை விலகியிருந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

மல்லாந்து படுத்திருந்தாள். கொண்டையை அவிழ்த்துத் தலையணை மேல் விரித்துவிட்டிருந்தாள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். சேலை முழங்காலுக்கு ஏறியிருந்தது. கண் திறந்தே இருந்தது. தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு, வேறு ஒன்றும் செய்யாமல் கிடந்தாள். அவளை மல்லாந்து பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. சரக்கறையில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, காலைக் குறுக்கி, போர்வையைத் தலை வரை இழுத்துத்தான் படுப்பாள். குளிர் தாங்காத உடம்பு என்று நான் நினைத்திருந்தேன். மன்னவனூர்க்காரிக்குப் பழனியில் என்ன குளிர் என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்குத்தான் வெளியே வந்தாள். ஆறிய டீயை அப்படியே குடித்தாள்.

“நல்லாத் தூங்குனியா?”

“தூங்கலைங்க. சும்மா கெடந்தேன்.”

அன்று ராத்திரி அவளும் மகளும் பெட்டியிலேயே படுத்தார்கள். எனக்கும் மச்சினனுக்கும் உள்ளே, பூண்டுக்குக் கீழே பாய். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு ஆனதும் அவள் மறுபடியும் போய் ஒரு மணி நேரம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை நான் கிண்டல் பண்ணவில்லை. மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “விடுங்க மாமா, படுத்துட்டுப் போறா” என்றேன். அவர் என்னைக் கட்சி மாறியவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

இறங்கி வருகையில் பெருமாள்மலையில் டீ குடிக்க நின்றோம். மச்சினன் டயரைப் பார்க்கப் போயிருந்தான். எனக்கு அந்தப் பெட்டி மேல் இருந்த இளக்காரம் ஒரு துளியும் குறையவில்லை. தலை இடிக்கிற பெட்டி, வளைவில் திரும்பாத பெட்டி, ஊரே ஆம்லெட் கேட்கிற பெட்டி. இருந்தாலும் சொன்னேன்.

“வாங்கிருவோம்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். தம்பிட்டச் சொல்லிரு.”

 அவள் தன் தட்டில் இருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தாள். கடைசி வளைவு வரை திரும்பித் திரும்பிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பாதி மலையில் கைபேசி அடித்தது. காரைக்குடிப் பக்கத்து வாடிக்கைக்காரர், அப்பா காலத்துக் குடும்பம். மறுநாள் கிருத்திகை, பேரனுக்கு முடியிறக்க வருகிறார்களாம். “வாங்க வாங்க, எடம் கெடக்கு” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, அந்த வார்த்தை என் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும்.

நாலு மணிக்குப் பழனி வந்து சேர்ந்தோம். மறுநாள் கோயம்புத்தூர் போகும் போது மாட்டிக்கொண்டு போய், உடையவரிடம் விலை பேசி முடிக்கிறேன் என்று மச்சினன் பெட்டியை வீட்டு வாசலில் கழற்றி நிறுத்திவிட்டு, சிநேகிதனைப் பார்க்கப் போனான். என் மனைவி குளிக்கப் போனாள். வாடிக்கைக்காரர் வந்து இறங்கினார். மூன்று குடும்பம் என்று சொல்லியிருந்தார். நாலாவதாக அவர் தங்கச்சி மகளும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். மாடி மூன்று அறையும் நிறைந்தது. கூடத்தில் அவர்கள் சாமான்கள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பால் கொடுக்க மறைவாக ஓர் இடம் தேடி நின்றாள்.

இங்கே எங்கள் ஊர்க்காரன் செய்கிற காரியத்தைச் செய்தேன். இடம் என்று ஒன்று காலியாக இருந்தால் எங்களுக்குக் கை அரிக்கும். அவளை வாசலுக்குக் கூட்டிப் போய்ப் பெட்டிக் கதவைத் திறந்துவிட்டேன்.

“இதுல இருந்துக்கங்கம்மா. புது வண்டி. கட்டில் இருக்கு. உள்ளாற தாப்பாகூட இருக்கு, யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

அந்தப் பெண் முகம் மலர்ந்து உள்ளே ஏறினாள். மாப்பிள்ளை ஈர வேட்டியை ஜன்னல் கம்பியில் காயப்போட்டான். நான் திரும்பினேன். வாசற்படியில் என் மனைவி, குளித்த தலையோடு, கையில் தலையணையோடு நின்றிருந்தாள். நான் சொன்னது முழுவதையும் கேட்டிருக்கிறாள். எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. நல்ல ஸ்டீல் தாழ்ப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

“கைப்புள்ளக்காரி... ஒரு ராத்திரிக்குத்தான...” என்றேன்.

“அதுக்கென்ன, இருக்கட்டும்” என்றாள். உள்ளே போய்த் தலையணையைச் சரக்கறையில் பாய் மேல் போட்டுவிட்டு, வந்தவர்களுக்கு வெந்நீர் வைத்தாள். விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குக் கடைக்கு வந்து என் பக்கத்தில் நின்று சொன்னாள்.

“தம்பிட்ட வேணாம்னு சொல்லிருங்க.”

“ஏன், நல்லாத்தான இருந்துச்சு?”

“நீங்க மொதல்லயே சொன்னீங்கள்ல, நமக்குப் பிரயோசனப்படாதுன்னு. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வாரக்கணக்கில் வாதாடி நான் ஜெயித்த விவகாரம் அது. ஊர்சுற்றி ஜனங்களையும் மச்சினனையும் தொப்பிக்காரரையும் பார்த்துச் சிரித்த என் கேவலமான வாய், கடைக்கு வந்து நின்றவர்களிடம் ‘வாங்கம்மா, வாங்க’ என்றது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

பெட்டியை வேறு யாரோ வாங்கி, பைபாஸ் ரோட்டோரம் நிறுத்தி, பிரெட் ஆம்லெட் போடுகிறாராம். நன்றாக ஓடுகிறது என்று மச்சினன் சொன்னான். குடும்பத்தோடு வெளியே போக அப்படி ஒரு வண்டி தேவையா என்று யாராவது என்னிடம் கேட்டால், உங்கள் வீட்டில் கதவு சரியாக இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்பதில்லை. தேவையில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

அந்தக் கிருத்திகைக் கூட்டம் போன மறுநாள், ஹார்டுவேர் கடையில் நல்லதாகப் பார்த்து ஒரு ஸ்டீல் தாழ்ப்பாள் வாங்கி வந்து, அப்பா கழற்றிய அதே நாலு ஓட்டையில் சரக்கறைக் கதவின் உள்பக்கம் பொருத்தினேன். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இதப் போட்டா வந்தவுக குளிக்க எப்படிப் போவாக?” என்று கேட்டாள். கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்றேன். சரி என்றாள். மாதங்கள் ஆகிவிட்டன, ஒரு நாளும் அதைப் போட்டதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டுதான் படுக்கிறாள். குளிக்கப் போகிறவர்கள் அந்தத் தாழ்ப்பாளில் துண்டைத் தொங்கவிட்டுப் போகிறார்கள்.